வெளி டிஸ்க்கில் லினக்ஸ், லேப்டாப்புக்குள் அதன் பூட்லோடர்: ஒரு நிகழ்வு ஆய்வு

இதில் வரும் அப்பா, மகள் இருவரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர், ஊர், லேப்டாப் கம்பெனி எதுவும் வேண்டாம் என்றார்கள். எந்த லினக்ஸ் என்பதையும் விட்டுவிடுகிறேன். டெபியன் குடும்பத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தால் போதும், ஏனென்றால் இதே சிக்கல் வேறு பலவற்றிலும் இதே மாதிரி வரக்கூடியது.

## பின்னணி

நெல்லைப் பக்கம் ஒரு சிறிய ஊரில் பெயிண்ட், ஹார்டுவேர் கடை. கடைக்காரரை நான் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன், இங்கும் அப்படியே எழுதுகிறேன். வீட்டுக்கும் கடைக்கும் சேர்த்து ஒரே ஒரு லேப்டாப். 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11. பகல் முழுக்க அது கடையில் இருக்கும், பில்லும் ஸ்டாக்கும் ஜிஎஸ்டி கணக்கும் அதில்தான். ராத்திரி வீட்டுக்கு வந்ததும் மகளுடைய கைக்குப் போகும். அவர் எம்.எஸ்சி. உயிர்தகவலியல் இரண்டாம் ஆண்டு.

அவருடைய ப்ராஜெக்ட்டுக்கு லினக்ஸ் வேண்டும். முதலில் விண்டோஸுக்குள்ளேயே விர்ச்சுவல் மெஷின் போட்டுப் பார்த்திருக்கிறார், 8 ஜிபியில் பாதியைப் பிரித்துக் கொடுத்ததும் இரண்டுமே மூச்சு வாங்கியிருக்கின்றன. உள் டிஸ்க்கைப் பிரித்து லினக்ஸ் போட அண்ணாச்சி சம்மதிக்கவில்லை, அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன், கடைக் கணக்கு இருக்கிற டிஸ்க் அது. அதனால் மகள் 500 ஜிபி வெளி எஸ்எஸ்டி ஒன்று வாங்கினார். வீட்டில் லேப்டாப்பில் சொருகி வேலை பார்ப்பது, மறுநாள் அதையே கல்லூரி லேபில் சொருகி விட்ட இடத்திலிருந்து தொடர்வது என்பது திட்டம். லேபில் யுஎஸ்பியிலிருந்து பூட் செய்யத் துறையில் அனுமதியும் வாங்கிவிட்டார்.

ஒரு சனிக்கிழமை ராத்திரி நிறுவல் நடந்தது. பென் டிரைவிலிருந்து நிறுவியைத் துவக்கி, பிரிவுகளைக் கையால் அமைக்கும் வழியைத் தேர்ந்தெடுத்து, வெளி டிஸ்க் முழுவதையும் ஒரே பிரிவாக்கி, பூட்லோடர் (கணினி துவங்கியதும் இயங்குதளத்தை ஏற்றும் சிறு நிரல்) எங்கே போக வேண்டும் என்று கேட்ட இடத்திலும் வெளி டிஸ்க்கையே காட்டியிருக்கிறார். ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை. ஞாயிறு கடை விடுமுறை என்பதால் டிஸ்க்கைக் கழற்றாமலே நாள் முழுக்க லினக்ஸில் வேலை பார்த்தார். எந்தத் தொந்தரவும் இல்லை.

## திங்கள் காலை, இரண்டு இடங்களில்

திங்கள் காலை பத்து மணி வாக்கில் இரண்டு விஷயங்கள் ஒரே நேரத்தில் நடந்தன. ஒன்றுக்கொன்று சம்பந்தம் இருக்கும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

லேபில் மகள் டிஸ்க்கைச் சொருகி, எதிலிருந்து துவங்கலாம் என்று காட்டும் பூட் மெனுவைத் திறந்தார். விண்டோஸ் இருந்தது, நெட்வொர்க் பூட் இருந்தது, இவருடைய டிஸ்க் மட்டும் பட்டியலிலேயே இல்லை. இரண்டு கணினிகளில் பார்த்தார், இரண்டிலும் அப்படியே. லேபில் ஏதோ தடை வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

கடையில் அண்ணாச்சி லேப்டாப்பைத் திறந்தார். கறுப்புத் திரை, மேலே இரண்டு வரி ஆங்கிலம், அதற்குக் கீழே கிரப் என்ற சொல்லும் (லினக்ஸின் பூட்லோடருக்கு அதுதான் பெயர்) துடிக்கும் ஒரு கோடும். விண்டோஸ் வரவே இல்லை. எதிர்க்கடையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கும் பையனைக் கூப்பிட்டார். அவன் லேப்டாப்பின் துவக்க செட்டிங்குக்குள் போய், கையொப்பம் உள்ள நிரலை மட்டும் துவங்கவிடும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பை அணைத்துவிட்டு, பூட் மெனுவில் விண்டோஸைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். இந்தத் தடவை நீலத் திரை வந்தது. டிஸ்க்கைக் குறியாக்கிப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்புச் சாவியைக் கொடு என்றது. 48 இலக்க எண். அண்ணாச்சிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பையன் யோசித்துவிட்டு, "ஃபார்மட் போட்டாத்தான் அண்ணாச்சி ஆகும்" என்று சொல்லிவிட்டான்.

அன்று தேதி 10. போன மாத விற்பனைக்கான ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்யக் கடைசி நாள் 11. அதற்கான பில் விவரம் முழுக்க அந்த லேப்டாப்பில். பேக்கப் என்று இருந்தது மூன்று மாதத்துக்கு முந்தையது.

மத்தியானம் மகள் எனக்குப் போன் பண்ணினார். "அண்ணே, அப்பா கம்ப்யூட்டரை நான் கெடுத்துட்டேன் போலிருக்கு" என்று ஆரம்பித்தவருக்கு மேற்கொண்டு பேச்சு வரவில்லை. நான் சொன்னது ஒன்றுதான்: "ஃபார்மட் போட விடாதம்மா. யாரையும் எதையும் அமுக்க வேண்டாம்னு சொல்லு. ஆஃப் பண்ணி அப்படியே வைக்கச் சொல்லு. சாயங்காலம் வாரேன்."

## முதல் முடிவு: சாவியைத் தேடுவது, ஆனால் உடனே போடாமல் இருப்பது

பஸ்ஸில் போகும்போதே மூத்த மகனிடம் பேசினேன். பெங்களூரில் வேலை பார்க்கிறார், லேப்டாப்பை வாங்கி முதல்முதலில் செட்டப் செய்து கொடுத்தவர் அவர்தான். விண்டோஸ் 11-இல் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழையும்போது பல லேப்டாப்களில் டிஸ்க் குறியாக்கம் தானாகவே இயங்க ஆரம்பித்துவிடும், சாவி அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். கேட்டதும் அவர் கணக்கைத் திறந்து பார்த்தார். இரண்டு சாவிகள் இருந்தன. நீலத் திரையில் சாவியின் அடையாள எண்ணும் தெரியும், அதன் முதல் எட்டு எழுத்தை ஒப்பிட்டால் எது நம்முடையது என்று புரிந்துவிடும். சர்வீஸ் பையன் காலையிலேயே திரையைப் போட்டோ எடுத்து வைத்திருந்தான். அந்த உதவியை நான் மறக்க மாட்டேன்.

சாவி கையில் வந்த பிறகும் அதை உடனே போட வேண்டாம் என்று முடிவு செய்தேன். காரணம் இது. பிட்லாக்கர் தன் சாவியை மதர்போர்டில் உள்ள டிபிஎம் சில்லிடம் ஒப்படைத்திருக்கிறது. கணினி துவங்கும் வழி வழக்கம் போலவே இருந்தால் சில்லு அதைச் சத்தமில்லாமல் எடுத்துக் கொடுக்கும், வழி மாறியிருந்தால் கொடுக்காது. செக்யூர் பூட்டை அணைத்தது அந்த வழியை மாற்றிய செயல். டிஸ்க்கும் கெடவில்லை, தரவும் போகவில்லை, வாசலில் நிற்கும் காவல்காரர் ஆள் அடையாளம் கேட்கிறார், அவ்வளவுதான். சாவியைப் போட்டுத் திறக்கலாம், ஆனால் மாறிய நிலை மாறியபடியே கிடக்கும். அதனால் மாற்றியதைத் திருப்பி வைத்துப் பார்ப்போம், அதற்கும் திறக்காவிட்டால் சாவி இருக்கிறது என்று வைத்துக்கொண்டேன்.

ஆறரை மணிக்குக் கடையில் உட்கார்ந்தோம். செக்யூர் பூட்டை மறுபடி இயக்கிவிட்டு, துவக்கும்போது பூட் மெனு விசையை அழுத்தினேன். அப்போது திரையில் தெரிந்த இரண்டு வரிகளில்தான் விஷயம் முழுக்க அடங்கியிருந்தது. முதல் வரியில் அந்த லினக்ஸின் பெயர். இரண்டாவது வரியில் விண்டோஸ் பூட் மேனேஜர். வெளி டிஸ்க் அப்போது கல்லூரியிலிருந்து வந்துகொண்டிருந்த பஸ்ஸில், மகளுடைய பைக்குள் இருந்தது. லினக்ஸ் இருக்கும் டிஸ்க்கே சொருகாத கணினியில் லினக்ஸின் பெயர் முதல் வரியில் நிற்கிறது.

இரண்டாவது வரியைத் தேர்ந்தெடுத்தேன். விண்டோஸ் எந்தக் கேள்வியும் கேட்காமல் திறந்தது. அண்ணாச்சி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் டீ சொல்லிவிட்டு வந்தார்.

இங்கே ஒரு சின்ன விஷயம் சொல்லியாக வேண்டும். கறுப்புத் திரையில் கிரப் வந்து நிற்கும்போது எக்ஸிட் என்று அடித்தால் அடுத்த வரிசையில் இருக்கும் விண்டோஸுக்குப் போகும் என்று பலர் சொல்வார்கள். போகும்தான். ஆனால் பிட்லாக்கர் இருக்கும் கணினியில் கிரப்பைத் தாண்டி விண்டோஸுக்குப் போனால் அதுவும் வழி மாறியதாகவே கணக்காகி, சாவியைக் கேட்கக்கூடும். பூட் மெனுவிலிருந்து நேராக விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

விண்டோஸ் திறந்ததும் வேறு எதையும் தொடுவதற்கு முன்னால் கணக்கு மென்பொருளின் தரவை முழுதாக ஒரு பென் டிரைவில் எடுத்தோம், இன்னொரு பிரதியை அண்ணாச்சியின் ஆடிட்டருக்கு மெயிலில் அனுப்பினோம். அப்புறம்தான் பூட் வரிசையில் விண்டோஸை முதலில் வைத்தேன். மறுநாள் 11-ஆம் தேதி மதியம் ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் ஆகிவிட்டது.

## காரணம் என்ன

ராத்திரி வீட்டில் வெளி டிஸ்க்கைச் சொருகி லினக்ஸைத் திறந்து, எல்எஸ்பிஎல்கே என்ற கட்டளையை அடித்தோம். எந்த டிஸ்க்கில் என்னென்ன பிரிவு, எது எங்கே இணைந்திருக்கிறது என்று அது மரம் மாதிரி காட்டும். வெளி டிஸ்க்கில் ஒரே ஒரு பிரிவு, அது ரூட், அதாவது லினக்ஸ் இருக்கும் இடம். அதற்குப் பல வரி கீழே, என்விஎம்இ என்று ஆரம்பிக்கும் உள் டிஸ்க்கின் முதல் பிரிவுக்கு எதிரில் /பூட்/ஈஎஃப்ஐ என்று இருந்தது, பூட்லோடர் கோப்புகள் போகும் இடம் அது. மகள் அதைப் பார்த்ததும் திரையில் விரலை வைத்து, "இது அப்பா டிஸ்க்குல்ல?" என்று கேட்டார். ஆமாம்.

கணினியைத் துவக்கும் வேலையைப் பயாஸ் என்ற மென்பொருள் பார்த்த பழைய காலத்தில் டிஸ்க்கின் முதல் 512 பைட்டிலேயே துவக்கும் நிரல் இருக்கும். டிஸ்க் எங்கே போனாலும் அதுவும் கூடவே போகும். அதற்குப் பதிலாக இப்போது இருக்கும் யூஇஎஃப்ஐயில் அப்படி இல்லை. பூட்லோடர் என்பது ஃபேட்32 வடிவில் உள்ள ஒரு சிறு பிரிவில் சாதாரணக் கோப்பாக இருக்கிறது, இந்தப் பிரிவைத்தான் ஈஎஃப்ஐ பிரிவு என்கிறோம். எந்த டிஸ்க்கில், எந்தக் கோப்பு என்ற குறிப்பை மதர்போர்டு தன் நினைவகத்தில் எழுதி வைத்துக்கொள்கிறது. அந்தக் குறிப்பு கணினிக்குச் சொந்தமானது, டிஸ்க்குக்கு அல்ல. முன்பின் பார்த்திராத ஒரு டிஸ்க்கைச் சொருகினால் மதர்போர்டிடம் அதைப் பற்றிக் குறிப்பு இருக்காது, அதனால் ஒரே ஒரு நிலையான இடத்தில் தேடும்: ஈஎஃப்ஐ பிரிவு, அதற்குள் ஈஎஃப்ஐ கோப்புறை, அதற்குள் பூட் கோப்புறை, அதற்குள் பூட்எக்ஸ்64.ஈஎஃப்ஐ என்ற கோப்பு. அங்கே இல்லையென்றால் அதைப் பொறுத்தவரை அது பூட் ஆகக்கூடிய டிஸ்க்கே இல்லை.

மகளுடைய வெளி டிஸ்க்கில் ஈஎஃப்ஐ பிரிவே இல்லை. நிறுவி வேறு எங்கேயாவது ஒன்று இருக்கிறதா என்று தேடி, முதலில் கண்ணில் பட்ட உள் டிஸ்க்கின் பிரிவில் தன் பூட்லோடரை வைத்துவிட்டது. பூட்லோடர் எங்கே போக வேண்டும் என்று கேட்ட பெட்டியில் அவர் சரியாகத்தான் சொல்லியிருந்தார், யூஇஎஃப்ஐ முறையில் அந்தப் பெட்டிக்குப் பலன் இல்லாமல் போவது பல நிறுவிகளில் ரொம்ப நாளாக இருக்கும் குறை. வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவைத்த மாதிரி ஆகிவிட்டது. வீடு மட்டும் கல்லூரிக்குப் போனது, சாவி இல்லை, திறக்கவில்லை. கடையில் சாவி மட்டும் இருந்தது, வீட்டைக் காணோம், கிரப் தன்னுடைய கட்டமைப்புக் கோப்பைத் தேடிக் கிடைக்காமல் கறுப்புத் திரையில் நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை இரண்டும் ஒரே மேஜையில் இருந்ததால் எல்லாம் சரியாக ஓடியது.

## இரண்டாவது முடிவு: மறுபடி நிறுவுவதா, சரிசெய்வதா

உள் டிஸ்க்கை அணைத்துவிட்டு முதலிலிருந்து நிறுவுவது ஒரு வழி. உள் டிஸ்க்கே கண்ணில் படாவிட்டால் நிறுவிக்குத் தவறு செய்ய வழியில்லை, அதனால் புதிதாக ஆரம்பிப்பவருக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் இந்த லேப்டாப்பின் செட்டிங்கில் உள் டிஸ்க்கை அணைக்க வசதி இல்லை, கழற்ற வேண்டுமென்றால் அடிப்பலகையைத் திறக்க வேண்டும், வாரண்டியில் இருக்கிற பொருள். தவிர ஞாயிறு முழுக்க உட்கார்ந்து அவர் நிறுவிய மென்பொருளும் தரவும் 40 ஜிபிக்குப் பக்கத்தில் இருந்தது. அதனால் வெளி டிஸ்க்கிலேயே ஓர் ஈஎஃப்ஐ பிரிவை உண்டாக்கிப் பூட்லோடரை அங்கே வைப்பது என்று முடிவு செய்தோம்.

முதலில் அந்த 40 ஜிபியைப் பிரதி எடுத்தோம். நிறுவலுக்குப் பயன்பட்ட அதே பென் டிரைவில் லினக்ஸை நேரடியாக ஓட்டி, பிரிவுகளை மாற்றியமைக்கும் ஜிபார்ட்டெட் என்ற மென்பொருளில் வெளி டிஸ்க்கைத் திறந்தோம், 500 ஜிபி டிஸ்க் அதில் 465 என்று தெரியும். பிரிவை வால் பக்கத்தில் 1 ஜிபி சுருக்கினோம். ஈஎஃப்ஐ பிரிவு டிஸ்க்கின் தலைப் பக்கம் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தலைப் பக்கம் இடம் எடுத்தால் இருக்கும் தரவு முழுவதையும் நகர்த்த வேண்டி வரும், நடுவில் கேபிள் ஆடினால் கதை முடிந்தது. வால் பக்கம் என்பதால் சில நிமிடத்தில் வேலை ஆனது. காலியான இடத்தில் ஃபேட்32 பிரிவு போட்டு, இது ஈஎஃப்ஐ பிரிவு என்று காட்டும் ஈஎஸ்பி அடையாளமும் வைத்தாயிற்று.

அடுத்து, பென் டிரைவில் ஓடும் லினக்ஸிலிருந்தே வெளி டிஸ்க்கில் இருக்கும் லினக்ஸுக்குள் சிரூட் என்ற கட்டளை மூலமாக நுழைந்து, புதுப் பிரிவை /பூட்/ஈஎஃப்ஐ-இல் இணைத்து, கிரப்-இன்ஸ்டாலை ஓட்டினோம். மதர்போர்டு நினைவகத்தில் எதையும் எழுதாதே என்று சொல்லும் விருப்பத்தைச் சேர்த்தே ஓட்டினோம். அது முடிந்ததும் ஈஎஃப்ஐ கோப்புறைக்குள் பூட் என்று ஒன்றை உண்டாக்கி, லினக்ஸ் தன் கோப்புறையில் வைத்திருந்த ஷிம் கோப்பைப் பூட்எக்ஸ்64.ஈஎஃப்ஐ என்ற பெயரிலும், கிரப் கோப்பை அதன் பழைய பெயரிலேயும் அங்கே பிரதி எடுத்து வைத்தோம். ஷிம் என்பது மைக்ரோசாஃப்டின் கையொப்பம் பெற்ற சிறு நிரல், அதனால்தான் லேபில் செக்யூர் பூட் இயங்கிக்கொண்டிருந்தாலும் அணைக்கத் தேவையிருக்காது. ஷிம் தன் பக்கத்தில் இருக்கும் கிரப்பைத் துவக்கும், கிரப் லினக்ஸின் பெயரிலுள்ள கோப்புறையில் தன் கட்டமைப்பைத் தேடும், அதனால் அந்தக் கோப்புறையையும் அழிக்காமல் விட்டோம்.

பூட் மெனுவில் இப்போது புதிதாக யுஎஸ்பி என்று ஆரம்பிக்கும் வரி வந்தது. அதைத் தேர்ந்தெடுத்தோம், லினக்ஸ் அழகாகத் திறந்தது. மணி பன்னிரண்டாகியிருந்தது. நான் வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டு அங்கேயே படுத்துவிட்டேன்.

## நான் விட்ட தவறு

புதன்கிழமை லேபிலிருந்து வாட்ஸப்பில் ஒரு போட்டோ வந்தது. இந்தத் தடவை டிஸ்க் பட்டியலில் தெரிந்திருக்கிறது, கிரப் மெனு வந்திருக்கிறது, லினக்ஸ் துவங்க ஆரம்பித்திருக்கிறது. அப்புறம் ஒரு வரியில் நின்றுவிட்டது. சிவப்பு நட்சத்திரக் குறிகள் இடமும் வலமும் போய்வர, ஏதோ ஒரு டிஸ்க்குக்காகக் காத்திருப்பதாகச் சொல்லி, ஒன்றரை நிமிடம் எண்ணி முடித்துவிட்டு அவசர நிலைக்குப் போயிருக்கிறது. அங்கே நிர்வாகிக்கான ரூட் கணக்கு பூட்டியிருப்பதால் உள்ளே நுழையவும் முடியவில்லை.

போட்டோவைப் பார்த்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது, மனசுக்குக் கஷ்டமாகவும் இருந்தது. எஃப்எஸ்டேப் கோப்பை நான் திறந்தே பார்க்கவில்லை. துவங்கும்போது எந்தப் பிரிவை எங்கே இணைக்க வேண்டும் என்ற பட்டியல் அது. /பூட்/ஈஎஃப்ஐ-க்கு எதிரில் அண்ணாச்சியின் உள் டிஸ்க்குடைய யூயூஐடிதான் (ஒவ்வொரு பிரிவுக்கும் உள்ள அடையாள எண்) இன்னும் இருந்தது. திங்கள் ராத்திரி நான் புதுப் பிரிவைக் கையால் இணைத்ததால் கிரப்-இன்ஸ்டால் சரியாக நடந்தது. வீட்டில் சோதித்தபோது உள் டிஸ்க் பக்கத்திலேயே இருந்ததால் பழைய யூயூஐடியும் கிடைத்தது, ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் திறந்தது. அதாவது ஞாயிற்றுக்கிழமை மகளை ஏமாற்றிய அதே விஷயம் திங்கள் ராத்திரி என்னையும் ஏமாற்றியது. காரணத்தை நானே அவருக்கு விளக்கிச் சொல்லி இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

அன்று மாலை போனிலேயே சரிசெய்தோம். பிஎல்கேஐடி என்ற கட்டளையை அடித்தால் ஒவ்வொரு பிரிவின் யூயூஐடியும் வரும். லினக்ஸ் பிரிவுக்கு நீளமாக இருக்கும், ஃபேட்32 பிரிவுக்கு நடுவில் ஒரு கோடு போட்ட எட்டே எழுத்து. வெளி டிஸ்க்கின் எட்டெழுத்தை எடுத்து எஃப்எஸ்டேப்பில் பழைய எட்டெழுத்து இருந்த இடத்தில் போடச் சொன்னேன். அந்த வரியில் நோஃபெயில் என்ற சொல்லையும் சேர்க்கச் சொன்னேன், பிரிவு கிடைக்காவிட்டாலும் அடம் பிடிக்காமல் மேலே போவதற்காக. அவர் எழுத்தெழுத்தாக எனக்கு வாசித்துக் காட்டிவிட்டுச் சேமித்தார். ஆறாவது எழுத்து எட்டா பி-யா என்பதில் மட்டும் ஒரு தடவை நின்றோம்.

வியாழக்கிழமை லேபில் திறந்தது. மெதுவாக ஓடுகிறது என்றார். யுஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யுஎஸ்பி கட்டளையை மரவடிவில் காட்டச் சொல்லிப் பார்த்ததில் டிஸ்க்குக்கு எதிரில் 480எம் என்று இருந்தது, யுஎஸ்பி 2 வேகம். கேபினெட்டின் முன்பக்கத் துளையிலிருந்து கழற்றிப் பின்பக்கம் நீலத் துளையில் சொருகியதும் 5000எம் ஆனது. அதோடு அந்த வேலை தீர்ந்தது.

## துப்புரவு

உள் டிஸ்க்கில் கிடந்த பழைய பூட்லோடரை உடனே அழிக்கவில்லை. வெளி டிஸ்க் தன் காலில் நிற்கிறது என்று லேபிலும் வீட்டிலும் சில நாள் பார்த்துவிட்டு, அடுத்த ஞாயிறுதான் கை வைத்தேன். உள் ஈஎஃப்ஐ பிரிவை இணைத்துப் பார்த்தபோது மூன்று கோப்புறைகள் இருந்தன: மைக்ரோசாஃப்ட், பூட், லினக்ஸின் பெயரில் ஒன்று. மூன்றையும் பிரதி எடுத்துவிட்டு, கடைசியாக உள்ளதை மட்டும் அழித்தேன், மற்ற இரண்டையும் தொடவே இல்லை. மதர்போர்டு நினைவகத்தில் இருந்த லினக்ஸ் குறிப்பையும் எஃபிபூட்எம்ஜிஆர் என்ற கட்டளை வழியாக நீக்கினேன். இதைச் செய்யும்போது மீட்புச் சாவி எழுதிய தாள் மேஜை மேல் இருந்தது. தேவைப்படவில்லை.

## அதற்குப் பிறகு

ஒரு மாதம் கழித்து ஒரு விஷயம் உறைத்தது. பூட் கோப்புறையில் நாங்கள் கையால் வைத்த பிரதிகள் லினக்ஸ் புதுப்பிக்கும்போது தானாகப் புதுப்பிக்கப்படாது. ஷிம்மிலோ கிரப்பிலோ பாதுகாப்புத் திருத்தம் வந்து, பழைய பதிப்புகளைச் செக்யூர் பூட் மறுக்க ஆரம்பித்தால் டிஸ்க் ஒருநாள் திடீரென்று நின்றுவிடும். டெபியன் குடும்பத்தில் கிரப் தொகுப்பை மறுகட்டமைக்கும்போது, கழற்றக்கூடிய சாதனத்துக்கான இடத்திலும் கூடுதலாக ஒரு பிரதி வை என்று சொல்ல ஒரு கேள்வி வரும். அதற்கு ஆம் என்று சொல்லி வைத்தோம். முதல் நாளே இதைச் செய்திருக்க வேண்டும்.

அண்ணாச்சியின் பக்கம் மாறியது பேக்கப். தினமும் கடையைச் சாத்துவதற்கு முன்னால் கணக்குத் தரவு ஒரு பென் டிரைவுக்குப் போகிறது, வாரம் ஒரு முறை ஆடிட்டருக்கு. மீட்புச் சாவியை ஆறு ஆறு இலக்கமாக எட்டுக் கூட்டமாகப் பெரிய எழுத்தில் எழுதி, ரேஷன் கார்டு இருக்கும் கவரில் வைத்திருக்கிறார்.

## மறுபடி செய்தால் எப்படிச் செய்வேன்

நிறுவுவதற்கு முன்னால் பிட்லாக்கர் இருக்கிறதா என்று பார்த்து, சாவியைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்வேன். நிறுவும்போது வெளி டிஸ்க்கில் முதல் வேலையாக ஈஎஃப்ஐ பிரிவை உண்டாக்குவேன், உள் டிஸ்க்கை அணைக்க முடிந்தால் அணைத்துவிடுவேன். முடிந்த கையோடு எல்எஸ்பிஎல்கேயையும் எஃப்எஸ்டேப்பையும் பார்த்து, இரண்டிலும் உள் டிஸ்க்கின் வாடைகூட இல்லை என்று உறுதி செய்துகொள்வேன். அப்புறம் இரண்டு சோதனை: வெளி டிஸ்க்கைக் கழற்றிவிட்டு லேப்டாப் விண்டோஸுக்குப் போகிறதா என்று ஒன்று, முன்பின் சம்பந்தமே இல்லாத வேறொரு கணினியில் வெளி டிஸ்க் திறக்கிறதா என்று ஒன்று. நிறுவிய கணினியில் நடந்த சோதனையை நான் இனிமேல் சோதனையாகவே எடுத்துக்கொள்வதில்லை.

சர்வீஸ் பையனிடமும் பிறகு பேசினேன். அவன் செய்ததில் பாதி சரிதான், பூட் மெனுவில் விண்டோஸைத் தேர்ந்தெடுத்தான், செக்யூர் பூட்டை மட்டும் தொடாமல் இருந்திருந்தால் அன்று காலையே கடை லேப்டாப் திறந்திருக்கும். நீலத் திரை வந்தால் ஃபார்மட்டுக்கு முன்னால் எந்தெந்த இடத்தில் சாவி இருக்கலாம் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கேட்டான், எழுதிக் கொடுத்தேன். மகளுடைய வகுப்பில் இன்னும் மூன்று பேர் இதே மாதிரி வெளி டிஸ்க்கில் லினக்ஸ் வைத்துக்கொண்டார்கள், நிறுவிக் கொடுத்தது அவர்தான். மூன்றையும் லேபில் ஒரு கணினியில் நிறுவி, அடுத்த வரிசையில் இருக்கும் இன்னொரு கணினியில் திறந்து காட்டிவிட்டுத்தான் கையில் கொடுத்திருக்கிறார்.